காரியின் வலக்காலைப் பற்றி என் மகளுக்கு

நன்முல்லை, நலமா என்று கேட்டு இம்மடலைத் தொடங்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நலமில்லாதது காரி. வரும் ஞாயிறு காலை, குருண் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களினூடே நடக்கும் நெடுந்தொலைவுக் குதிரையோட்டத்தில், அதன் வலது முன்காலை ஊசியால் மரக்கவைத்து அதன்மேல் ஏறி ஓட்டப்போகிறாய். புதன்கிழமை மாலை உனக்குச் சோறு கொண்டுவந்தபோது, குதிரைக் கொட்டகை வாயிலில் நின்று அதன் ஒத்திகையை என் கண்ணாலேயே கண்டேன். என்னைக் கண்டதும் நீ திடுக்கிடவில்லை. சோற்றுப் பாத்திரத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "ஒரே ஒரு தடவை லா, அம்மா. நீங்க மேடையில பேசுங்க, இதுல தலையிடாதீங்க" என்றாய். நேரில் பேசினால் இரண்டாவது சொல்லை முடிக்க நீ விடமாட்டாய். ஆகையால் எழுதுகிறேன். இதை உறையிலிட்டு உன்னிடம் மட்டும் தராமல் ஊரார் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன்னை நான் புகழ்ந்ததெல்லாம் ஊரார் நடுவில்தான். புகழ்வதற்கு ஒலிபெருக்கி வைத்துக்கொண்டவள், கண்டிக்கும்போது மட்டும் காதோடு பேசினால் அது நேர்மையாகாது.

காரி நம்மிடம் வந்த கதையை ஊரார் என் வாயால் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது அழகுபடுத்திய கதை. உள்ளது இதுதான். அலோர் ஸ்டாரில் மருந்தாளராக வேலைக்குச் சேர்ந்த நீ, முதற்சேமிப்பில் ஒரு வண்டி வாங்குவாய் என்று உன் அப்பா காத்திருந்தார். குருணில் டயர்க் கடை வைத்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்? நீயோ, பந்தயத் திடலில் ஓடித் தோற்றதால் வேண்டாமென்று கழித்துவிட்ட ஒரு கருங்குதிரையை வாங்கி வந்து நின்றாய். உன் அப்பா அதை ஒரு பழைய வண்டியைப் பார்ப்பது போலச் சுற்றிவந்து பார்த்தார். "ரோட் டேக்ஸ் கிடையாது, டயரும் மாத்த வேணாம். எல்லாம் சரி, ரிவர்ஸ் போகுமா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். காரி என்று பெயர் வைத்தவள் நான். கொட்டகையில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் குணாவுக்கு அப்பெயர் பிடிக்கவில்லை. "காரின்னு கூப்பிட்டா இங்க இருக்கிற மலாய்ப் பசங்க கறின்னு நெனச்சு தட்டு எடுத்துட்டு வந்துருவானுங்க, யக்கா" என்றார். அன்று அந்தக் கொட்டகையில் நாம் நால்வரும் சிரித்த சிரிப்பில் கொடுமை எதுவும் இல்லை. அதன்பின் அங்கே அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

உன் முதல் ஓட்டத்தில் வடிகால் ஓரம் ஒரு குரங்கு குறுக்கே பாய்ந்தது. காரி ஒதுங்கியது. நீ சேற்றில் விழுந்தாய். விழுந்தது துன்பமன்று, யாரோ அதைப் படம்பிடித்ததுதான் துன்பம். மாலைக்குள் அக்காணொளி நம் உறவினர் வாட்ஸ்அப் புலனக் குழுக்கள் அனைத்திலும் ஓடியது, உன் குதிரையைவிட விரைவாக. மறுவாரம் சுங்கை பட்டாணியில் ஒரு திருமண விருந்து. உன் பெரியம்மா இலைக்கு முன் அமர்ந்து, நாலு பேர் கேட்கும்படி, "ஏண்டி முல்லை, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு உன் குதிரைய வாடகைக்கு விடுவியா? நீயே ஓட்டிட்டு வரணும்னா வேணாம்டி, மாப்பிள்ளை நல்லபடியா வந்து சேரணும்" என்றார். பந்தியே சிரித்தது. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். பிறகு பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்து கைகழுவப் போனவள் திரும்பி வரவில்லை. வண்டிக்குள் அமர்ந்திருந்தாய். நான் வந்து கதவைத் திறந்தபோது, "ஒரு நாளைக்கு இவங்க எல்லாரும் நின்னு பார்ப்பாங்க" என்றாய். அது நல்ல சினம் என்று நினைத்தேன். நான் மேடைப் பேச்சாளி, சினத்தில் நல்லது கெட்டது பிரித்தறியும் தொழில் என்னுடையது. ஆயினும் அன்று பிரித்தறியத் தவறினேன்.

உன் இரண்டாம் ஓட்டத்தைப் பற்றி நான் எந்த மேடையிலும் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். நடுச்சுற்றில் காரியின் குளம்பில் கூர்ங்கல் ஏறிவிட்டது. நீ இறங்கினாய். கல்லை எடுத்தாய். ஆயினும் அது காலை ஊன்றத் தயங்கியது கண்டு, மீண்டும் ஏறாமல் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாய். செம்மண் தடத்தில், உச்சி வெயிலில், உன்னைக் கடந்து ஒவ்வொரு குதிரையாகப் புழுதி கிளப்பிப் போயிற்று. தண்ணீர்ப் போத்தல்களோடு தடத்தோரம் காத்திருந்த உன் அப்பாவும் நானும், எல்லாரும் போனபின் உன்னைக் கண்டோம். முகம் வெந்திருந்தது. ஒரு காலணியின் அடி பிளந்து தொங்கியது. மெதுவாக ஏறியே வந்திருக்கலாமே, நேரத்துக்குள் வந்திருப்பாயே என்று உன் அப்பா கேட்டார். "அதுக்கு வலிக்குதுப்பா" என்றாய். நேரம் கடந்ததால் பட்டியலில் உன் பெயரை அடித்துவிட்டார்கள். அன்று நின்றதுபோல் வேறெந்த நாளும் நீ உயர்ந்து நின்றதில்லை. ஆனால் தோற்று நடந்து வந்த பெண்ணைப் பற்றிப் பேசினால் கூட்டம் கைதட்டாது என்று எனக்குத் தெரியும். பேசவில்லை.

மூன்றாம் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாய். அதைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசினேன் என்பதற்குக் கணக்கில்லை. அலோர் ஸ்டாரில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில், "ரப்பர்ப் பால்மரத்தடியில் குனிந்து நின்ற இனத்தின் பேத்தி இன்று குதிரைமேல் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறாள்" என்று நான் முழங்கியபோது இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் இருந்த உன் கண்கள் கலங்கின. உன்னை மறத்தி என்றேன். இன்று உண்மை சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ மறத்தி அல்லள். வேலை முடிந்த மாலைகளில் பழகி, கிடைத்த விடுமுறைகளில் போட்டியிடும் ஒரு நடுத்தரக் குதிரைக்காரி. காரியும் நடுத்தரம்தான். நல்ல நாளில், நல்ல மண்ணில், வலிமையானவர்கள் சிலர் வராதபோது, நீங்கள் இருவரும் மூன்றாவதாக வருவீர்கள். அதில் இழிவு ஏதுமில்லை. அவ்வளவே போதும் என்று உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வாயால்தான் நான் முழக்கமிட்டேன்.

அடுத்த ஓட்டத்துக்கு அந்த மண்டபத்து இளைஞர்கள் ஒரு கூட்டமாகத் திரண்டு வந்தார்கள். நம்மவர் வெற்றிபெற்று வந்தால் எப்படி வரவேற்போம்? உறுமி மேளம், மாலை, வாழ்த்துரை. வேறு முறை நமக்குத் தெரியாது. அந்த ஓட்டத்தின் முறை வேறு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் குதிரை வாயிலுக்குள் வந்ததும் மருத்துவர் அதன் நெஞ்சுத் துடிப்பைக் கேட்பார். குறித்த நேரத்துக்குள் துடிப்பு அடங்க வேண்டும். பிறகு கையில் பிடித்து ஓட்டிக்காட்ட வேண்டும், நொண்டினால் வெளியே. இறுதிச் சுற்றை முடித்துக்கொண்டு நீ இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாய். வாயிலில் உறுமிகள் இடித்தன. நான் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தேன். ஒருவன் தாமரை மாலையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு காரியின் கழுத்தை நோக்கி ஓடினான். கண்வெள்ளை தெரிய அது பின்வாங்கியது. நீ கையசைத்து நிறுத்தச் சொன்னதை அவர்கள் மேளத்தை உயர்த்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர் அம்மையார் கேட்புக்குழாயை அதன் மார்பில் வைத்துப் பார்த்தார், மீண்டும் வைத்துப் பார்த்தார். நேரம் முடிந்தது. துடிப்பு அடங்கவில்லை. "குதிரை அஞ்சுகிறது, மக்சிக்" என்று மலாயில், என்னை அத்தை முறை சொல்லி அழைத்து, பணிவாகச் சொல்லிவிட்டு உன் பெயரை அடித்தார். அதுவரைக்கும் உறுமி நிற்கவில்லை. உன் வெற்றி பறிபோனதை வெற்றி மேளத்தோடு கொண்டாடினோம்.

திரும்பி வரும் வழியில் எண்ணெய் நிலையத்தில் உன் அப்பா இறங்கியபோது, முன்னிருக்கையிலிருந்து திரும்பாமலே நீ சொன்னாய்: "நீங்க எனக்காக ஆள் கூட்டிட்டு வரல. உங்க பேச்சுக்கு ஆள் கூட்டிட்டு வந்தீங்க." அந்த அடி எனக்குரியது, வாங்கிக்கொண்டேன். அன்று உன் கொடுமை விழவேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. நான் பேசத் தெரிந்தவள், திருப்பி அடிக்கத் தெரிந்தவள். என்மீது நீ எவ்வளவு கொடுமை செய்தாலும் அது போர். காரிமீது செய்வது போர் அன்று.

அதன்பின் நீ கடுமையாகப் பழக்கினாய். மழை பெய்து தடம் வழுக்கினாலும் விடவில்லை. உடல் சூடேறாமலே விரட்டினாய் என்று குணாவே ஒருமுறை முணுமுணுத்தார். வலது முன்காலின் நரம்புப் பட்டை வீங்கியது. மருத்துவர் ஓராண்டு ஓய்வு என்றார். அதன்பிறகும் நெடுந்தொலைவு வேண்டாம் என்றார். உனக்கோ ஓராண்டு இல்லை. தை பிறந்தால் உனக்குத் திருமணம். அதன்பின் கணவரோடு சிங்கப்பூர். குதிரைக்கு அங்கே இடமில்லை. ஆகவே இந்த ஞாயிறுதான் உன் கடைசி ஓட்டம். பெரியம்மா வருகிறார். காணொளியை அனுப்பி மகிழ்ந்தவர்கள் வருகிறார்கள். அவர்கள் முன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, முழுத் தொலைவையும் ஓடி முடித்துக்காட்ட வேண்டும். அந்த வேட்கை எனக்குப் புரிகிறது. அதை உனக்கு ஊட்டியவர்களில் நானும் ஒருத்தி. புரிவதாலேயே ஒப்புக்கொள்வேன் என்று நினைத்தாயா?

புதன்கிழமை நான் கண்டதை ஊராருக்குச் சொல்கிறேன். முதலில் குணா காரியைக் கொட்டகை முற்றத்தில் ஓட்டிக்காட்டினார். ஒவ்வோர் அடிக்கும் அதன் தலை மேலெழுந்து விழுந்தது. வலக்கால் தரையைத் தொடும்போதெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டது, சுடுகல்லில் கால் வைத்ததுபோல. பிறகு நீ அதன் காலை உன் முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டாய். குணா ஊசி போட்டார். காரி நின்று கொடுத்தது. உன்மேல் அதற்கு அவ்வளவு நம்பிக்கை. சற்று நேரம் கழித்து மீண்டும் ஓட்டினார். தலை எழவில்லை. நொண்டிய குதிரை நொண்டாமல் ஓடியது. நீ கைதட்டினாய், நன்முல்லை. கைதட்டலுக்கு நடுவே வாழ்ந்தவள் நான். அதைப்போல் ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. குணா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணும் இல்லக்கா, சும்மா மரத்துப்போற ஊசிதான். சோதனைக்கு முன்னாடி ஒண்ணு, நடுவுல ஒண்ணு. சண்டே தாண்டிட்டா போதும்." சண்டே தாண்டியபின் என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். "அப்புறம் கால் ஹபிஸ். அதுக்குள்ள பாப்பா சிங்கப்பூர் போயிரும் லா." நீ அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாய். கால் முடிந்துவிடும் என்று அவர் சொன்னதை மறுக்கவில்லை. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து என்ன குழம்பு என்று பார்த்தாய்.

உன் தாத்தாவின் கதை உனக்குப் பாடம். சிறுமியாக அவருடைய ஊன்றுகோலைக் குதிரையாக்கி வீடெல்லாம் ஓடியவள் நீ. தோட்டத்தில் வெட்டிச் சாய்த்த செம்பனை மட்டையின் முள் அவர் பாதத்தில் ஏறிற்று. காய் வெட்டும் பருவம், ஆள் பற்றாக்குறை. தோட்டத்து மருத்துவமனையில் டிரஸர் என்னும் மருத்துவ உதவியாளன் முள்ளை முழுதாக எடுக்காமலே மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, கட்டுக்கட்டி, வேலைக்கு அனுப்பினான். வலி தெரியவில்லை, நடந்தார். மறுநாளும் போட்டான், நடந்தார். பாதம் உள்ளே அழுகிக்கொண்டிருந்ததை அவருக்குச் சொல்ல வேண்டியது வலி. அந்த வலியின் வாயைத்தான் அவர்கள் கட்டிவிட்டார்கள். கணுக்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தபின் துரை ஒரு டின் பால்மாவு அனுப்பிவைத்தான். இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் மேடையேறத் தொடங்கினேன். "என் அப்பனின் காலை மரக்கவைத்து வேலை வாங்கியவர்கள்" என்று நான் கைநீட்டும்போது கூட்டம் கொதிக்கும். இனி அந்தக் கையை எத்திசையில் நீட்டுவேன்? துரை எங்கோ செத்துப்போனான். ஊசியைப் பிடிக்கும் கை இப்போது என் வீட்டில் இருக்கிறது. என் சமையலைச் சாப்பிடுகிறது.

காரிக்கு விருப்பம், அது ஓட விரும்புகிறது என்று நீ சொல்வாய். உன் தாத்தாவும் வேலைக்குப் போகத்தான் விரும்பினார். வீட்டில் ஐந்து வயிறு இருந்தது. விரும்புகிறவனின் வலியை எடுத்துவிட்டால் அவன் சாகும்வரை உழைப்பான் என்பதை எல்லாத் துரைகளும் அறிவார்கள். நீ வெறும் குதிரைக்காரி அல்லள், மருந்து படித்தவள். முட்டிவலியோடு வரும் கிழவரிடம், வலி தெரியாமல் நடந்தால் மூட்டு போய்விடும் ஐயா என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புகிறவள். கவுண்டருக்கு முன்னால் ஓர் அறமும் கொட்டகைக்குள் ஓர் அறமுமா? ஞாயிறன்று என்ன நடக்கும் என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மரத்த கால் குழியை அறியாது, கல்லை அறியாது. எங்கோ ஒரு சுற்றில், செம்பனை நிழலில், எவரும் பார்க்காத வளைவில், அந்த நரம்புப் பட்டை அறுந்துபோகும். அறுந்ததும் அதற்குத் தெரியாது. நீ போகச் சொன்னால் அறுந்த காலோடு போகும். நீ மேலே அமர்ந்து நிமிர்ந்திருப்பாய். கூட்டம் எழுந்து நிற்கும்.

மணமகளாகப் போகிறவளுக்குத் தாய் அறிவுரை சொல்வது வழக்கம். என் அறிவுரை ஒன்றுதான். உன்னோடு வாழப்போகிறவனும் ஒருநாள் நொண்டுவான். நீயும் நொண்டுவாய். அன்று ஊரார் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒருவர் வலியை மற்றவர் மரக்கவைத்து நடக்கவைக்காதீர்கள். இறங்கி, கூட நடந்து, நேரம் கடந்து வீடு வந்து சேருங்கள். பெயரை அடித்தால் அடிக்கட்டும்.

அறிவுரையால் நீ மாறுவாய் என்று நம்பி இதை எழுதவில்லை. சொற்களின் வலிமை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அவை கூட்டத்தை எழுப்பும், ஞாயிற்றுக்கிழமை ஊசியைத் தடுக்காது. நேற்றுக் காலை உன் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பேருந்து ஏறி அலோர் ஸ்டாருக்குப் போனேன். ஞாயிறன்று குதிரைகளைச் சோதிக்கவிருக்கும் புது மருத்துவர் அம்மையாரைக் கண்டு, நான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். காரியை நீ கொண்டுவந்தால் முதலில் அதன் குருதியை எடுப்பார்கள். காலில் மயிரை ஒதுக்கி ஊசித் தடம் தேடுவார்கள். பெரியம்மா நின்று பார்ப்பார். உனக்குப் போட்டித் தடை விழும். நீ வேலை செய்யும் மருந்துக்கடையில் கேள்வி எழும்; மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், நீ விடை சொல்ல வேண்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் தொலைபேசியில் அழைப்பார்கள். இவை அனைத்தையும் எண்ணிப் பார்த்த பின்தான் பேருந்து ஏறினேன். குணாமீது பாயாதே. தன் பங்குக்கு அவர் தண்டனை பெறுவார்; ஆனால் காட்டிக்கொடுத்தவர் அவரல்லர். மணவறையில் எனக்கு இடம் கிடையாது என்று நீ சொன்னால் கடைசி வரிசையில்கூட உட்கார வரமாட்டேன்.

இன்னொன்றையும் நீ அறிந்திருக்க வேண்டும். அந்த அம்மையார் உடனே நம்பவில்லை. ஒரு தாய் தன் மகளைப் பற்றி இப்படி வந்து சொல்வாளா, வீட்டில் ஏதேனும் சண்டையா என்று கேட்டார். சண்டை இல்லை என்றேன். பிறகு எழுதுகோலை எடுத்துக்கொண்டு ஓட்டுபவரின் பெயரைக் கேட்டார். நன்முல்லை என்றேன். அந்தத் தமிழ்ப் பெயர் அவருக்கு எழுத வரவில்லை, நிமிர்ந்து பார்த்தார். நான் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக, அவர் எழுதி முடிக்கும்வரை, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

உன்னைப் பெற்றவள்